வயிற்றுப் பயாப்சியில் இருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி பிளேட்டில் ஏன் வளர்வதில்லை?

கேள்வி இதுதான்: எண்டோஸ்கோபியில் எடுத்த வயிற்றுத் திசுவில் விரைவு யூரியேஸ் சோதனை (பைலோரி உண்டாக்கும் யூரியேஸ் என்ற நொதியைக் காட்டுவது) பாசிட்டிவ். ஸ்லைடிலும் வளைந்த பாக்டீரியா தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே நோயாளியின் திசுவை ரத்த அகார் என்ற, ரத்தம் கலந்து இறுகிய வளர்ப்பு ஊடகப் பிளேட்டில் போட்டால் ஒன்றுமே வளர்வதில்லை. இல்லையென்றால் வேறு கிருமிகள் வந்து பிளேட்டை மூடிவிடுகின்றன. ஊடகத்தை மாற்ற வேண்டுமா, வயிற்றுக் கிருமி என்பதால் அமிலம் சேர்க்க வேண்டுமா, மலத்திலிருந்து வளர்க்க முடியாதா, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

ஊடகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தத் திசு நோயாளியின் வயிற்றிலிருந்து உங்கள் மேஜைக்கு எப்படி வந்தது என்று விசாரியுங்கள். பைலோரி வளராத ஆய்வகங்களில் பெரும்பாலும் கோளாறு இன்குபேட்டரில் இருப்பதில்லை. கிருமி ஆய்வகத்துக்கு வந்து சேரும்போதே செத்திருக்கும். யூரியேஸ் சோதனைக்கு நொதி இருந்தால் போதும், ஸ்லைடுக்குக் கிருமியின் உடல் இருந்தால் போதும். கிருமியைப் பிளேட்டில் வளர்க்கும் கல்ச்சருக்கு மட்டும்தான் உயிர் வேண்டும். அதனால் மற்ற இரண்டும் பாசிட்டிவாக இருந்து இது மட்டும் நெகட்டிவாக வந்தால், சந்தேகம் முதலில் வழியின் மேல்தான் விழ வேண்டும்.

வழி நோயாளியிடம் தொடங்குகிறது. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் வகை மாத்திரைகளை எண்டோஸ்கோபிக்கு 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் என்றால் 4 வாரம். இந்த மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு, அதை வயிற்றின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்திலிருந்து மேல்நோக்கி நகர்த்தியும் விடுகின்றன. ஆன்ட்ரத்தில் மட்டும் ஒரு துண்டு எடுத்து அனுப்பினால் அதில் கிருமியே இல்லாமல் போகலாம். இன்னொரு பாதிப்பும் உண்டு: அமிலம் குறைந்த வயிற்றில் வாயிலிருந்து இறங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈஸ்ட் எல்லாம் குடியேறிவிடும். உங்கள் பிளேட்டை மூடும் 'வேறு கிருமிகள்' வந்த வழி பெரும்பாலும் இதுதான். மாத்திரையை நிறுத்த முடியாத நோயாளிகள் இருப்பார்கள், அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அந்தத் தகவல் கோரிக்கைப் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளராத பிளேட்டுக்கு என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிருமி வயிறு முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை, திட்டுத்திட்டாக இருக்கும். கல்ச்சருக்கென்று ஆன்ட்ரத்தில் ஒன்று, மேலே வயிற்றின் உடற்பகுதியில் ஒன்று என்று குறைந்தது இரண்டு துண்டு கேளுங்கள். யூரியேஸ் சோதனைக் குப்பியில் போட்ட துண்டையே பிறகு எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை. இடுக்கியைக் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துச் சுத்தம் செய்திருந்தால், நன்றாக அலசாத இடுக்கியில் தங்கும் மிச்சமே கிருமியைக் கொல்லும். திசு நோய்க்குறியியலுக்குச் செல்லும் துண்டை ஃபார்மலினில் போடுவார்கள். அவசரத்தில் கல்ச்சர் துண்டும் அதே ஃபார்மலினுக்குள் போய்விடும். இது அடிக்கடி நடக்கிறது. கல்ச்சர் குப்பிக்கு வேறு நிற மூடி போட்டுக் கொடுங்கள். எண்டோஸ்கோபி அறையில் இருக்கும் செவிலியரிடம் இதற்காக ஒரு முறை நேரில் போய்ப் பேசுவது, விலையுயர்ந்த ஊடகம் வாங்குவதைவிடப் பலன் தரும்.

அப்புறம் பயண நேரம். திசுவின் மூன்று எதிரிகள் காற்று, உலர்வு, வெப்பம். சலைனில் நனைத்த துண்டு ஓரிரு மணி நேரத்துக்குள் பிளேட்டுக்கு வந்துவிடும் என்றால் சலைனே போதும். அதற்கு மேல் ஆகும் என்றால் ஸ்டூவர்ட் போன்ற பாதி இறுகிய போக்குவரத்து ஊடகம் வேண்டும். அதில் 4 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும். அடுத்த நாளும் வராது என்றால், 20 சதவீதம் கிளிசரால் கலந்த புருசெல்லா பிராத் என்ற திரவ ஊடகத்தில் போட்டு மைனஸ் 70 அல்லது அதற்கும் கீழே உறைய வையுங்கள். மைனஸ் 20 டிகிரி சாதாரண ஃப்ரீஸர் இதற்கு ஆகாது. வெறும் பஞ்சிலோ வடிதாளிலோ வைத்து வந்த துண்டைப் பிளேட்டில் போட்டாலும் எதிர்பார்ப்பு வேண்டாம்.

இனி ஊடகம். அமிலம் சேர்க்கலாமா என்ற கேள்வி தவறான இடத்திலிருந்து வரவில்லை. வயிறு அமிலம் நிறைந்த இடம்தானே. ஆனால் பைலோரி அமிலத்தை விரும்பும் கிருமி அல்ல. அது வாழ்வது வயிற்றின் சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள், செல்களை ஒட்டி. அங்கே பிஎச் நடுநிலையை நெருங்கி இருக்கும். அந்தப் படலத்துக்குப் போகும் வழியிலுள்ள அமிலத்தைத் தாண்டத்தான் அதற்கு யூரியேஸ். யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு போகிறது. பிளேட்டில் யூரியா கிடையாது, எனவே அமிலத்தைக் கூட்டினால் அது சாகும். சரி, யூரியாவையும் சேர்த்துவிட்டால்? நடுநிலையான ஊடகத்தில் அமோனியா குவிந்து பிஎச் ஏறி, கிருமி தன் நொதியாலேயே அழியும். அதனால் பிஎச் 7 ஐ ஒட்டிய சாதாரண ஊடகத்தோடு இருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது சுவையானது. ஸ்லைடில் தெரிவது வழக்கமான குட்டை வளைவாக இல்லாமல், நீளமாக, இறுக்கமாக, பல சுற்றுச் சுருளாக இருந்தால் அது பைலோரியாக இருக்காது. ஹெலிகோபாக்டர் சுயிஸ் போன்ற, பன்றி முதலான விலங்குகளின் வயிற்றிலும் வாழும் உறவுக்காரர்களாக இருக்கலாம். சுயிஸ் பல ஆண்டுகள் எந்தப் பிளேட்டிலும் வளராமல் இருந்தது. 2008 இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் பன்றி வயிற்றிலிருந்து அதை வளர்த்தபோது, உதவியது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 5 க்குக் கொண்டுவந்த ஊடகம்தான். மனித நோயாளியின் வயிற்றிலிருந்து அதை வளர்த்தது ஜப்பானில், 2021 இல் வெளியான ஆய்வில். ஆக, அமில ஊடகம் என்ற எண்ணம் பைலோரிக்குத்தான் பொருந்தாது. அப்படிப்பட்ட சுருள்களை ஸ்லைடில் பார்த்தால் வழக்கமான பிளேட்டில் திரும்பத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அதற்கென்று பழகிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பைலோரிக்குக் கொலம்பியா அகார், புருசெல்லா அகார், மூளை-இதய வடிநீர் அகார் மூன்றில் எதுவும் சரி. அதில் 5 முதல் 10 சதவீதம் குதிரை அல்லது ஆட்டு ரத்தம். ரத்தம் சத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. அகாரிலும் ஊடகத்திலும் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் இந்தக் கிருமிக்கு நஞ்சு. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வேலையைப் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினும் கரித்தூளும் செய்யும், அதனால்தான் ரத்தம் கிடைக்காத இடங்களில் அவற்றைச் சேர்க்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பழைய பிளேட்டில் ஏன் வளர்வதில்லை என்பதும் புரியும்: ஈரம் போய்விடும், நச்சுப் பொருள்கள் சேர்ந்துவிடும். நேற்றோ முந்தாநாளோ ஊற்றிய பிளேட் ஒன்று, மூன்று வாரம் குளிர்பெட்டியில் கிடந்த பிரபல நிறுவனத் தயாரிப்பைவிட மேல்.

பிளேட் இரண்டு வகையாக இருக்க வேண்டும். ஒன்றில் பிற கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள், மற்றொன்றில் எதுவும் இல்லை. தடுப்பு மருந்துக் கலவைகளில் பலரும் பயன்படுத்துவது டென்ட் கலவை: லிட்டருக்கு வான்கோமைசின் 10 மில்லிகிராம், டிரைமெத்தோபிரிம் 5, செஃப்சுலோடின் 5, ஆம்ஃபோடெரிசின் பி 5. பழைய ஸ்கிர்ரோ கலவையில் செஃப்சுலோடினுக்குப் பதில் பாலிமிக்சின் பி. இந்த மருந்துகள் சில பைலோரி வகைகளையும் அடக்கிவிடும் என்பதால்தான் மருந்தில்லாத பிளேட் அவசியம். செலவைக் குறைக்க ஒன்றை விடச் சொன்னால், நான் இரண்டையும் விடமாட்டேன், துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து அரைத்து இரண்டு பிளேட்டிலும் பிரித்துப் போடுவேன்.

திசுவைப் பிளேட்டில் அப்படியே தேய்ப்பவர்களும் உண்டு, அரைப்பவர்களும் உண்டு. நான் அரைக்கும் பக்கம். கால் மில்லியிலிருந்து அரை மில்லி பிராத்தில் கண்ணாடி அரைப்பானால் மெதுவாக அரைத்தால் சளிக்குள்ளும் சுரப்பிக்குள்ளும் ஒளிந்திருப்பவை வெளிவரும், திட்டுத்திட்டான பரவலும் சமமாகும். வேலையை உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் செய்யுங்கள். இந்தக் கிருமி தொற்றும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1984 இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் தன் கல்ச்சரைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அரைத்த திரவத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்துக் கிராம் சாயமும் போட்டுவிடுங்கள். கடைசிச் சாயமாக சாஃப்ரனினுக்குப் பதில் கார்பால் ஃபுக்சின் போட்டால் மெல்லிய வளைவுகள் தெளிவாகத் தெரியும். பத்து நாள் காத்திருக்கும் மருத்துவருக்கு அன்றே சொல்ல ஒரு தகவல் கிடைக்கும்.

வாயு விஷயத்தில் சமரசம் கிடையாது. ஆக்ஸிஜன் 5 சதவீதம், கார்பன் டை ஆக்ஸைடு 10, மீதி 85 நைட்ரஜன். பைலோரிக்கு ஆக்ஸிஜன் கொஞ்சம் தேவை, ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் அளவு அதன் நொதிகள் சிலவற்றையே கெடுத்துவிடும். மெழுகுவத்தி ஜாடி போதாது, மெழுகுவத்தி அணையும்போதும் ஜாடியில் ஆக்ஸிஜன் மிக அதிகமாகவே மிஞ்சியிருக்கும். கேம்பைலோபாக்டர் என்ற கிருமிக்கென்று விற்கும் வாயுப் பைகள் இதற்கும் பொருந்தும். சில வகைகளுக்குச் சிறிது ஹைட்ரஜன் கலந்தால் வளர்ச்சி கூடும். வெப்பம் 37 டிகிரி. ஜாடிக்குள் ஈரத்தாள் ஒன்று வையுங்கள், ஆனால் பிளேட்டின் மேல் தண்ணீர் தேங்கக் கூடாது.

பிறகு பொறுமை. 1982 இல் ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அனுப்பிய திசுக்களைப் போட்ட பிளேட்டுகள் வழக்கப்படி 48 மணி நேரத்தில் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தொகுதி இன்குபேட்டரிலேயே தங்கிவிட்டது. ஐந்தாறு நாள் கழித்துத் திறந்தபோது காலனிகள், அதாவது கிருமி பெருகி உண்டான புள்ளிகள், இருந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2005 இல் நோபல் பரிசு வந்தது. இன்றும் பல ஆய்வகங்கள் மலம், சிறுநீர் பிளேட்டுகளோடு இதையும் வைத்துவிட்டு இரண்டாம் நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று கையெழுத்திடுகின்றன. மூன்றாம் நாளுக்கு முன் ஜாடியைத் திறக்கவே வேண்டாம். மூன்றாம் நாள் சட்டென்று பார்த்துவிட்டுப் புது வாயுப் பையோடு மூடுங்கள், ஐந்தாம், ஏழாம் நாள் பாருங்கள். பத்து நாள் முடியாமல் நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். பிளேட்டுகளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பழக்கமும் கூடாது. காற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்குக் கணக்கு.

ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பிளேட் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்ற ஆய்வகம் இதைத்தான் செய்ய வேண்டும். தெரிந்த பைலோரி வகை ஒன்றை நோயாளியின் பிளேட்டோடு சேர்த்து வைத்தால், வளராதபோது பழி யார் மேல் என்று உடனே தெரிந்துவிடும். கட்டுப்பாடும் வளரவில்லை என்றால் ஊடகமோ வாயுவோ கோளாறு. அது மட்டும் வளர்ந்தால் கோளாறு திசுவில் அல்லது வழியில். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேமிப்பகங்களில் பல தலைமுறை வளர்ந்து பிளேட்டுக்குப் பழகிப்போன வகைகளை அடர்த்தியாகப் பூசினால் மோசமான பிளேட்டிலும் வளர்ந்துவிடும், நீங்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள். அண்மையில் நோயாளியிடமிருந்து எடுத்த வகையை நன்றாக நீர்க்கச் செய்து, சில பத்துக் காலனிகள் மட்டும் வரும்படி போடுங்கள். அந்தச் சில பத்தும் வந்தால் உங்கள் பிளேட்டை நம்பலாம்.

காலனியைக் கண்டுபிடிக்கவும் கண் பழக வேண்டும். 1 மில்லிமீட்டர் அளவில், நிறமே இல்லாமல், பனித்துளி போல ஒளி ஊடுருவும். நேராகப் பார்த்தால் தவறவிடுவீர்கள், பிளேட்டைச் சாய்த்து விளக்கை ஒரு பக்கமாக வைத்துப் பாருங்கள். உறுதி செய்வது எளிது: யூரியாக் கரைசலில் ஒரு காலனியைக் கலந்தால் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பாகும், காட்டலேஸ், ஆக்ஸிடேஸ் என்ற நொதிச் சோதனைகளும் பாசிட்டிவ். கிராம் சாயத்தில் அழகான சுருளை எதிர்பார்க்க வேண்டாம், பிளேட்டில் வளர்ந்தது கொக்கி போலவும் நேர்க்கோடாகவும்கூட இருக்கும். வளர்ந்து நாளானால் உருண்டையாக மாறிவிடும், உருண்டையானதை அடுத்த பிளேட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் வளராது. அதனால் காலனி தெரிந்த அன்றே மறு பிளேட்டில் போடுங்கள். அதற்கு 2, 3 நாள் போதும்.

பிசிஆர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கிருமி இருக்கிறதா என்று மட்டும் அறிய வேண்டுமானால் உண்மையிலேயே தேவையில்லை. மூச்சுச் சோதனையும் மல ஆன்டிஜென் சோதனையும் போதும். கல்ச்சர் வேண்டியது எந்த மருந்து வேலை செய்யும் என்று அறிய. கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவில் பெரும்பாலும் 2142, 2143 என்ற இரண்டு இடங்களின் மாற்றத்தால் வருகிறது, அதைப் பிசிஆர் நன்றாகவே பிடிக்கும். லீவோஃப்ளாக்சசினுக்கும் ஜைர்ஏ மரபணுவைப் பார்க்கலாம். மெட்ரோனிடஸோல்தான் பிடிகொடுக்காதது. அதன் எதிர்ப்புக்கு ஆர்டிஎக்ஸ்ஏ மரபணு எங்கு வேண்டுமானாலும் கெட்டுப்போயிருக்கலாம், தேடுவதற்கு நிலையான இடமே இல்லை. உயிருள்ள கிருமியை மருந்தோடு வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு சிகிச்சையோ இரண்டோ தோற்ற நோயாளிக்கு இது பெரிய உதவி. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் பைலோரியைப் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. 2022 இல் வெளியான ஆறாவது மாஸ்ட்ரிக்ட் அறிக்கை (பைலோரி சிகிச்சை பற்றி நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னது), வசதி இருக்கும் இடத்தில் முதல் சிகிச்சைக்கு முன்பே மருந்து உணர்திறன் பார்ப்பதை ஆதரிக்கிறது. 1994 முதல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் இருக்கும் கிருமி இது. வெறும் நெஞ்செரிச்சல் விஷயமாக நினைத்து, தோற்கும் மருந்தையே திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

உணர்திறன் சோதனையில் மருந்து வட்டுகளை நம்பாதீர்கள், இவ்வளவு மெதுவாக வளரும் கிருமிக்கு அந்த முறை சரிவராது. அகாரில் மருந்தை நீர்த்துக் கலக்கும் முறைதான் அடிப்படை. அதில் முல்லர்-ஹின்டன் அகாரில் 5 சதவீதம், எடுத்து இரண்டு வாரமாவது ஆன ஆட்டு ரத்தம் சேர்க்கிறார்கள். அன்றாட வேலைக்குச் செறிவு மாறும் மருந்துப் பட்டைகள் வசதி. மூன்று நாள் கழித்துப் படிக்கலாம். ஒரே ஒரு காலனியை எடுத்துச் சோதிப்பது தவறு. ஒரே வயிற்றில் மருந்துக்கு மடியும் வகையும் மடியாத வகையும் சேர்ந்தே இருக்கலாம். பல காலனிகளைச் சேர்த்து எடுங்கள். பட்டையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் பகுதிக்குள் தனியாக ஓரிரண்டு காலனி தெரிந்தால் அதைத் தூசு என்று ஒதுக்காமல் எடுத்துப் பாருங்கள். மெட்ரோனிடஸோல் முடிவை மட்டும் கொஞ்சம் தளர்வாகப் படிக்க வேண்டும். ஆய்வகத்தில் எதிர்ப்பு என்று வந்தாலும், பிஸ்மத்தோடு அதிக அளவில், போதிய நாள் கொடுக்கும்போது நோயாளிக்குக் குணமாவது உண்டு. கிளாரித்ரோமைசினில் அப்படி நடப்பதில்லை. எதிர்ப்பு என்றால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

மலத்திலிருந்து வளர்ப்பது பற்றி: முடியவே முடியாது என்று சொல்ல முடியாது. 1992 இல் காம்பியாவில் குழந்தைகளின் மலத்திலிருந்து வளர்த்திருக்கிறார்கள். 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றுள்ள தன்னார்வலர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைத்துப் பார்த்தபோது வாந்தியில் எளிதாகவும் வயிற்றுப்போக்கு மலத்தில் சில முறையும் கிருமி வளர்ந்தது. ஆனால் சாதாரண மலம் குடலில் மெதுவாக இறங்கும்போது பித்தம் படுகிறது, ஆக்ஸிஜனே இல்லாத சூழலில் நாள் கணக்கில் கிடக்கிறது, கூடவே கோடிக்கணக்கான குடல் கிருமிகள். வெளிவரும்போது பெரும்பாலானவை உருண்டையாகியிருக்கும் அல்லது செத்திருக்கும். அன்றாட ஆய்வக வேலையாக இதைத் தொடங்க வேண்டாம். எண்டோஸ்கோபி செய்ய முடியாத நோயாளிக்கு மலத்தில் பிசிஆர் செய்து கிளாரித்ரோமைசின் எதிர்ப்பை மட்டுமாவது பார்க்கலாம்.

முடிவை எழுதும்போது 'பைலோரி இல்லை' என்று எழுதாதீர்கள். 'பத்து நாள் வரை வளரவில்லை' என்று எழுதி, திசு எத்தனை மணி நேரம் கழித்து எதில் வந்தது, நோயாளி எந்த மாத்திரையில் இருந்தார் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வளர்ந்துவிட்டால், மருந்துச் சோதனை முடியும்வரை காத்திராமல் இளம் காலனிகளைத் திரட்டிக் கிளிசரால் கலந்த பிராத்தில் இரண்டு குப்பிகளாக மைனஸ் 80 இல் போட்டுவையுங்கள். சோதனை கெட்டுப்போனால் திரும்பச் செய்யலாம். அந்த நோயாளிக்கு இன்னொரு எண்டோஸ்கோபி தேவைப்படாது.